டிக்கோயா வீதியில் ஒரு கராஜ்: பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் துருவுக்கு நேர்மையான வேலை

ஹட்டனிலிருந்து டிக்கோயாவுக்குச் செல்லும் வீதியோரத்தில், பெயர்ப்பலகை எதுவுமின்றி, பழைய தகரக் கூரையின் கீழ் இயங்கும் ஒரு கராஜைப் பற்றி எழுதுகிறேன். உரிமையாளர் விளம்பரத்தை விரும்பாதவர் என்பதால் அவருடைய பெயரைத் தவிர்க்கிறேன். ஹட்டன் நகரில் பழைய ஆங்கிலேயக் கார் வைத்திருக்கும் எவரைக் கேட்டாலும் வழி சொல்வார். என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுவது வாசகருக்கு வசதியாக இருக்கும். துருவை வெட்டியெடுத்துத் தகடு மாற்றும் வேலைக்கு, மலையகத்தில் நான் அறிந்த கராஜ்களுள் இதற்கே முதலிடம் தருவேன். வயரிங் வேலைக்கு இதை நாட வேண்டாம். அவசரக்காரர்களுக்கோ எந்த வேலைக்குமே இது ஏற்ற இடமல்ல.

நான் அங்கே ஒப்படைத்தது 1965இல் செய்யப்பட்ட எம்.ஜி.பி. ரோட்ஸ்டர், அதாவது எம்.ஜி. என்ற ஆங்கிலேயப் பெயரில் வந்த கூரையற்ற ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை உற்பத்தியான இந்தக் காரின் அமைப்பை விளங்கிக்கொள்ளாமல் அதன் துருவை மதிப்பிட முடியாது. இதற்கு முந்திய எம்.ஜி.ஏ.யில் தனியான இரும்புச் சட்டகம் உண்டு. உடற்தகடு உளுத்தாலும் கார் ஒருவாறு நின்றுகொள்ளும். எம்.ஜி.பி.யில் அப்படியொன்று கிடையாது, தகடுகளே சட்டகம். அதிலும் கூரையற்ற ரோட்ஸ்டரில், முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்து வைத்திருப்பவை பெரும்பாலும் கியர்பெட்டியையும் தண்டையும் மூடி நடுவில் ஓடும் சுரங்கம் போன்ற தகடும், கதவுகளின் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டி வடிவான கதவடிச் சட்டங்களும்தான். வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக நிற்கும் தகடு, அடியில் அவற்றை இணைக்கும் மடிப்புத் தகடு எனப் பல அடுக்குகள் சேர்ந்த அந்தப் பெட்டிக்குள் சேறும் நீரும் புகுந்துவிட்டால், வெளியே வண்ணம் பளபளத்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே இரும்பு என்று சொல்லத்தக்க எதுவும் மிஞ்சாது.

என் காரில் அதுவே நடந்திருந்தது. கொழும்பிலுள்ள ஒரு கராஜ், உளுத்த சட்டத்தை வெட்டாமல் அதன் மேலேயே புதிய வெளித்தகட்டை வெல்டிங் செய்து, மூட்டுகளைப் புட்டியால் நிரவி, சிவப்பு வண்ணம் அடித்துக் கொடுத்திருந்தது; பூசி மெழுகுவதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. டிக்கோயாவில் வண்ணத்தைப் பார்க்க எவரும் காரைச் சுற்றி வரவில்லை. உரிமையாளர் நேராக ஜெக்கைக் கதவடிச் சட்டத்தின் நடுவிலுள்ள தூக்குமிடத்தில் வைத்து உயர்த்தினார். சக்கரம் தரையை விட்டு எழுவதற்கு முன்பே கதவைச் சுற்றியுள்ள இடுக்கு கண்ணெதிரே மாறியது. கதவு இறுகித் திறக்க மறுத்தது. “தம்பி, பெயின்ட் காரத் தாங்காது. இரும்பு எங்க மிச்சமிருக்குன்னு மொதல்ல பாப்பம்” என்று சொல்லிவிட்டு முன்மட்கார்டின் போல்ட்டுகளைக் கழற்றத் தொடங்கினார். எம்.ஜி.பி.யின் முன்மட்கார்டு வெல்டிங் செய்யப்பட்டதல்ல, போல்ட்டில் நிற்பது. அதைக் கழற்றினால்தான் கதவடிச் சட்டத்தின் முன்முனை தெரியும். மதிப்பீடு கேட்டுச் செல்லும் எவரும் இந்த ஒரு செயலை வைத்தே ஒரு கராஜை அளந்துவிடலாம். மட்கார்டைக் கழற்றாமல் விலை சொல்பவரிடம் இந்தக் காரைக் கொடுக்கக் கூடாது.

மலைநாட்டுத் துருவின் இயல்பு கரையோரத் துருவிலிருந்து வேறுபட்டது என்பதை இவர் நன்கு அறிந்திருக்கிறார். கொழும்பிலும் நீர்கொழும்பிலும் கடலுப்பு வெளிப்புறத்தைத் தின்கிறது. அது கண்ணுக்குத் தெரியும். இங்கே உப்பில்லை. ஆனால் தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன் பக்கத்தை நனைக்கிறது. அது ஓய்ந்த பிறகு வடகீழ்ப் பருவக்காற்று பண்டாரவளை, பதுளைப் பக்கத்தை நனைக்கிறது. இரண்டுக்கும் இடையில் மூடுபனி. பகலில் சூடேறி இரவில் குளிரும் தகட்டின் உட்புறத்தில் ஈரம் துளியாகப் படிகிறது. வெளிப்புறம் காற்றில் உலர்ந்துவிடும். அடைபட்ட பெட்டியின் உட்புறம் உலர்வதேயில்லை. ஆகவே மலையகத்தில் நெடுங்காலம் கிடந்த கார் பார்வைக்கு நன்றாகவே இருக்கும். அதுதான் ஆபத்து.

வேலையின் முறையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பெரும்பாலான எம்.ஜி.பி.கள் திருத்தும்போதுதான் கெடுகின்றன. கதவடிச் சட்டத்தை வெட்டினால் காரின் நடுப்பகுதி தொய்யும். தொய்ந்த நிலையில் புதிய சட்டத்தை வெல்டிங் செய்துவிட்டால் கதவு அதன் பிறகு ஒருபோதும் சரியாகப் பொருந்தாது. இங்கே வெட்டுவதற்கு முன்பு, கதவின் முன்தூணையும் பின்தூணையும் இணைத்துக் கதவு வாயிலின் குறுக்கே இரும்புக் குழாய்களைப் பற்றவைத்தார்கள். காரின் எடை வழக்கம்போல் அச்சுகளின் மேலேயே இருக்கும்படி தாங்கிகளை வைத்தார்கள். ஒரு பக்கத்தை முழுவதும் முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட்டார்கள். இடையிடையே கதவைத் தொங்கவிட்டு இடுக்கை அளந்ததையும் நான் பார்த்தேன். அடியிலுள்ள மடிப்புத் தகட்டையும் வெளித்தகட்டையும் இங்கிலாந்திலிருந்து தருவித்தோம். 1975இல் தொடங்கப்பட்ட பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் மூல அச்சுகளைக் கொண்டே இவற்றை இன்றும் அடித்து விற்கிறது, எம்.ஜி.பி.யின் முழு உடலையே புதிதாக வாங்க முடியும் என்றால் பலர் நம்பமாட்டார்கள். தரைத்தகடு, பெட்டரிப் பெட்டிகள் ஆகியவற்றை நாகம் பூசிய 1.2 மில்லிமீட்டர் தகட்டில் இங்கேயே மடித்தார்கள். வெல்டிங் தையல்களைத் தேய்த்து மறைக்க வேண்டிய தேவை அதிகம் ஏற்படவில்லை. மூடுவதற்கு முன் உட்புறத்துக்கு நாக பிரைமர் அடித்து, மூடிய பிறகு துளைகளின் வழியே மெழுகைச் செலுத்தி, நீர் வடியும் துளைகள் அடைபடாமல் இருக்கின்றனவா என்று கம்பியால் குத்திப் பார்த்தே முடித்தார்கள்.

வெட்டத் தேவையில்லாத மேல்துருவுக்கு மட்டும் டானிக் அமிலம் கலந்த துருமாற்றியைப் பூசினார்கள். அது துருவோடு சேர்ந்து கருநீலப் படலமாக மாறிவிடும். தேயிலைச் சாயத்துக்கும் இரும்பைக் கறுக்கவைக்கும் குணம் கொஞ்சம் உண்டு என்பதால், இந்த ஊரில் அதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஓட்டை விழுந்த தகட்டில் அந்த மருந்தைப் பூசிக் காப்பாற்றலாம் என்று நம்புபவர்களை உரிமையாளர் திருப்பி அனுப்பிவிடுகிறார்.

அவருடைய கைத்திறன் தேயிலைத் தொழிற்சாலையின் வேர்க்ஷொப்பில் பழகியது. ஆங்கிலேயர் காலத்து ரோலர்களையும் தண்டுகளையும் ஓடவைத்துப் பழகிய பிட்டர்களிடம் தொழில் கற்றதால், எம்.ஜி.ஏ.க்கும் முந்திய எம்.ஜி. டி வரிசைக் கார்களின் நட்டுகளுக்கு வேண்டிய விட்வர்த் எனும் பழைய ஆங்கிலேய அளவு ஸ்பேனர்கள் அவரிடம் முழுத் தொகுதியாக இருக்கின்றன. நகரத்துக் கராஜ்களில் மில்லிமீட்டர் ஸ்பேனரைத் திணித்து நட்டின் முனைகளை மழுங்கடித்துவிடும் கொடுமை இங்கே நிகழ்வதில்லை.

முடிந்த வேலையைச் சோதிக்க றம்பொடை வீதியைத் தேர்ந்தேன். லபுக்கலையிலிருந்து இறங்கும் கொண்டையூசி வளைவுகளில் முன்பு கண்ணாடிச் சட்டம் ஒரு பக்கமாகவும் கதவு மறுபக்கமாகவும் ஆடும். இப்போது அந்த ஆட்டம் அடங்கிவிட்டது. அதே ஜெக் சோதனையையும் செய்தேன். சக்கரம் எழுந்த நிலையிலும் கதவு ஒரு விரலால் திறந்து மூடுகிறது.

இந்தக் கராஜின் மற்றொரு சேவைக்குப் பில் கிடையாது. உரிமையாளரிடம் தடித்த அட்டை போட்ட கொப்பி ஒன்று இருக்கிறது. மலைநாட்டில் யாரிடம் என்ன பழைய கார் இருக்கிறது, எது ஓடுகிறது, எது கொட்டிலில் கிடக்கிறது, யாரிடம் எந்தப் பாகம் மேலதிகமாக உள்ளது என்பன அதில் உண்டு. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தங்களுக்குப் பிறகு வெள்ளைக்காரத் துரைமார் பலர் நாட்டை விட்டுப் போனபோது, கார்கள் சில பங்களாக்களிலேயே தங்கிப் பிறகு கிளாக்கர், டிஸ்பென்சர், கடைக்காரர் என்று கைமாறின. அந்தக் கைமாற்றங்களின் வரலாறு ஓரளவுக்கு அந்தக் கொப்பியில்தான் இருக்கிறது. கேட்பவர் வாங்கி விற்கும் தரகர் இல்லை என்று உறுதியானால் மட்டுமே அது திறக்கப்படும். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் எந்தப் பழைய காருக்கும் தாறுமாறான விலை சொல்லப்பட்டதால், இந்த எச்சரிக்கையை நான் குறையாகக் கருதவில்லை.

அந்தத் தொடர்புகளின் பயன் எனக்கு உடனே விளங்கியது. பழைய ஆங்கிலேயக் கார்களுக்குள் உறவுமுறை அதிகம். ‘தவளைக் கண்’ என்று அழைக்கப்படும் ஒஸ்டின்-ஹீலி ஸ்ப்ரைட் ஸ்போர்ட்ஸ் காரின் 948 சீசீ எஞ்சின் மொறிஸ் மைனரின் எஞ்சினோடு ஒரே குடும்பம். மொறிஸ் மைனருக்கு இந்த நாட்டில் பாகப் பஞ்சமே இல்லை. ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயரின் சட்டகமும் முன் சஸ்பென்ஷனும் அதே நிறுவனத்தின் ஹெரல்ட் காரிலிருந்து வந்தவை. எம்.ஜி.ஏ.யின் 1489 சீசீ எஞ்சின் மொறிஸ் ஒக்ஸ்போர்டிலும், அதன் வழிவந்த இந்திய அம்பாசடரிலும் இருந்தது என்பதால், பாகம் தேடி இங்கிலாந்து வரை போகாமல் சென்னையோடு நின்றுவிடலாம். என் 1798 சீசீ எஞ்சினுக்கு இவற்றுள் எல்லாமே பொருந்திவிடாது என்றாலும், அது எம்.ஜி.ஏ. எஞ்சினின் வரிசையையே சேர்ந்தது என்பதால் சில பாகங்கள் பொருந்தின. தலவாக்கலையில் ஓய்வுபெற்ற தோட்ட உத்தியோகத்தர் ஒருவரிடமிருந்து எஸ்.யூ. கார்புரேட்டர் ஒன்றும், பண்டாரவளையில் சிங்கள நண்பர் ஒருவரிடமிருந்து கதவுப் பூட்டும் கிடைத்தன. இருவரும் பணம் வாங்கவில்லை. பதிலுக்கு எதிர்காலத்தில் கேட்கப்போகும் பாகங்களின் பட்டியலை மட்டும் கொடுத்தார்கள். ஏப்ரல் சீசனில் நுவரெலியாவின் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டியைப் பார்க்க இவர்களுள் பலர் ஒன்றாகப் போகிறார்கள். புதியவரைச் சேர்த்துக்கொள்வதில் தயக்கம் காட்டுவதில்லை. ஆனால் காரைக் கழுவிக் காட்டுவதற்காக மட்டும் வருபவரோடு பேச்சு நீளாது.

இனிக் குறைகள். வயரிங் வேலை பலவீனமானது. 1967 வரை வந்த எம்.ஜி.பி.களில் பெட்டரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். இருக்கைகளின் பின்னால் இரண்டு 6 வோல்ட் பெட்டரிகள் தொடராக அமைந்திருக்கும். இளம் உதவியாளர் ஒருவர் இக்காலக் கார் என்று எண்ணி முனைகளை மாற்றி இணைத்ததில் எஞ்சினின் சுழற்சி வேகத்தைக் காட்டும் மின்னணு டகோமீட்டர் கெட்டது. திருத்தும் செலவை உரிமையாளர் மறுபேச்சின்றி ஏற்றுக்கொண்டார் என்பதையும் சொல்ல வேண்டும். என்றாலும் வயரிங்குக்குக் கண்டியிலுள்ள வேறொரு தொழிலாளியிடம் போனேன். தொலைபேசியை எடுக்கும் பழக்கம் இங்கே எவருக்கும் இல்லை. சொன்ன தவணையில் கார் தயாராகாது. மழைக்காலத்தில் வண்ண வேலை முற்றாக நின்றுவிடும். ஈரக் காற்றில் செலுலோஸ் வண்ணம் வெண்புகை படிந்ததுபோல் மங்கிவிடும் என்பதால், ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட நாட்களுக்காகக் காத்திருக்கிறார்கள். இதைத் தாமதம் என்று குறை சொல்பவரும் உண்டு. எனக்கு அது சரியாகவே படுகிறது. முறையான வண்ண அறை இல்லாததால் தூசு படிந்த இடங்கள் சில இருக்கின்றன, அதை மட்டும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

கார்புரேட்டர் ஒத்திசைவில் அவர்கள் கெட்டிக்காரர்கள். 1868 மீட்டர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அங்கே எஞ்சினுக்குப் பெற்றோல் மிகையாகிவிடும் என்பதால் கார்புரேட்டருக்குள் வரும் பெற்றோலின் அளவைக் கட்டுப்படுத்தும் ஜெட் நட்டைச் சற்று மேலேற்றி வைப்பார்கள். அதே அமைப்போடு கொழும்புக்கு இறங்கினால் பெற்றோல் போதாமல் எஞ்சின் சூடேறும். அறுகோண நட்டை அதன் பக்கங்களின் கணக்கில் எத்தனை முகம் திருப்பினார்கள் என்பதை ஒரு காகிதத்தில் எழுதிப் போனட்டின் உட்புறத்தில் ஒட்டிவிட்டார்கள். கொழும்புக்குப் போகும்போது கினிகத்தேனையில் நிறுத்தி நானே அதைத் திருப்பிக்கொள்கிறேன்.

கூலி, கொழும்பில் எனக்குச் சொல்லப்பட்ட மதிப்பீட்டின் பாதியை ஒட்டியே வந்தது; இறக்குமதித் தகடுகளின் விலையும் சுங்கவரியும் அதற்குப் புறம்பு. பணத்தை ஒரே தடவையில் கேட்பதில்லை. ஒவ்வொரு பகுதியும் முடிந்து, உள்ளே பார்த்த பிறகே வாங்குகிறார்கள். வெட்டியெடுத்த பழைய தகடுகளையும் கேட்டால் தருவார்கள். கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், பில்லைச் சரிபார்க்க அவை உதவும். போகிறவர்கள் காரின் உடல் இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் எழுதிக்கொண்டு, ஒரு சனிக்கிழமை முற்பகலில் நேரில் போவது நல்லது. மற்ற நாட்களில் உரிமையாளர் ஏதாவதொரு தோட்டத்தில் பழுதான கொழுந்து லொறியின் அடியில் இருப்பார்.