அதிசயப் பழச் செடி என்று சொல்லி முரையா என்ற அழகுச் செடியை விற்கிறார்கள்: எச்சரிக்கை

கோவை, பொள்ளாச்சி, ஈரோடு வட்டாரங்களில் வீட்டுத் தோட்டம் வைத்திருப்பவர்கள், மிராக்கிள் ஃப்ரூட் எனப்படும் அதிசயப் பழச் செடியை வாங்கும் முன் இதைப் படித்துவிட வேண்டுகிறேன்.

நான் செடி வாங்கிய நர்சரியில், முதலில் ஃபிரிட்ஜிலிருந்து ஒரு சிவப்புப் பழத்தை எடுத்துக் கொடுத்து, அதன் சதையை நாக்கு முழுவதும் படும்படி சுவைக்கச் சொன்னார்கள். பிறகு ஓர் எலுமிச்சைத் துண்டைத் தந்தார்கள். அது தேனாக இனித்தது. இந்தப் பழத்தில் உள்ள மிராகுலின் என்னும் புரதம் நாக்கில் இனிப்பை உணரும் இடங்களில் ஒட்டிக்கொண்டு, புளிப்பு பட்டவுடன் அவற்றைத் தூண்டிவிடுவதால்தான் அப்படி இனிக்கிறது. ஆக, சுவைக்கக் கொடுத்த பழம் அசல். 1,200 ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுத்த செடிதான் வேறு. அதிலும் சிவப்புப் பழங்கள் தொங்கின. “வருசம் பூரா காய்க்குமுங்க, போர்த் தண்ணியே போதுமுங்க, சர்க்கரைக்கு இது மருந்துங்க” என்று சொல்லி அனுப்பினார்கள்.

வீட்டில் அந்தச் செடியின் பழம் கசந்தது. அதைத் தின்ற பின்பும் எலுமிச்சை வழக்கம்போலவே புளித்தது. ஒரு மழைக்குப் பின் வெள்ளைப் பூக்கள் கொத்தாகப் பூத்து வாசல் வரை மணந்தன. தோட்டக்கலை படித்த உறவினர் ஒருவர் இலையைக் கசக்கி முகர்ந்ததும், வேலிக்கும் அழகுக்கும் வைக்கும் முரையா என்று சொல்லிவிட்டார். திரும்பிப் போய்க் கேட்டதற்கு, “கேட்டத் தாண்டிப் போன செடிக்கு நாங்க பொறுப்பில்லீங்க” என்பதே பதில்.

இரண்டையும் பிரித்தறிவது கடினமன்று. முரையாவின் இலை, கறிவேப்பிலை போலவே ஒரே காம்பில் பல சிற்றிலைகளாக இருக்கும். மேற்கு ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அதிசயப் பழச் செடியோ சப்போட்டா குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் இலைகள் தனித்தனியாக, நுனிப்பக்கம் அகன்று அடிப்பக்கம் குறுகி, கிளை நுனியில் நெருங்கி நிற்கும், கிள்ளினால் பால் வடியும். காய்ந்த விதைப் பொட்டலங்களையும் வாங்காதீர்கள். பழத்திலிருந்து எடுத்த விதை வெகு விரைவில் முளைப்புத் திறனை இழந்துவிடும். நல்ல விதையிலிருந்து வளர்த்தாலும் முதல் பழத்துக்குப் பொதுவாக 3 அல்லது 4 ஆண்டுகள் ஆகும்.

போர்த் தண்ணீர் போதும் என்றது, அசல் செடியை வாங்கியவரையும் கெடுக்கும் பேச்சு. இது 4.5 முதல் 5.8 வரை கார அமிலத்தன்மை (pH) உள்ள புளிப்பு மண்ணில் வளர்வது. நம் பகுதியில் பல இடங்களில் மண்ணில் சுண்ணாம்பு மிகுதி, போர்த் தண்ணீரில் உப்பு மிகுதி. அதில் இலை நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, மற்ற இடமெல்லாம் வெளுத்துச் செடி குன்றிவிடும். உப்புப் போக அலசிய தென்னை நார்க்கழிவைத் தொட்டியில் மிகுதியாகக் கலந்து, மழைநீரோ சிறுவாணித் தண்ணீரோ ஊற்றுவதே முறை.

எனக்குப் பெரிதும் மனம் பொறுக்காதது அந்த மருந்துப் பேச்சுதான். இப்பழம் நாக்கின் சுவையைச் சிறிது நேரம் மாற்றுமே தவிர, சர்க்கரை நோயைக் குணப்படுத்தாது. இதை நம்பி யாரும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

எனக்குத் தந்த துண்டுச் சீட்டில் “பழச்செடி 1” என்று மட்டுமே எழுதியிருந்தது. செடியின் பெயரையும் விலையையும் எழுதிய பில்லைக் கேட்டு வாங்குங்கள். அது இருந்தால் 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், இவ்வளவு சிறிய தொகைக்குக் கட்டணமும் இல்லை.