வாரம் ஒரு யோசனை: கோத்தகிரியில் ஒரு சின்ன நகைக்கடையின் அனுபவம்

தனி ஆளாக நகைக்கடை நடத்துபவர்களுக்கு வாரத்துக்கு ஒரு விற்பனை யோசனையோ நிர்வாக யோசனையோ கொடுத்து, அதை அந்த வாரத்துக்குள் செய்து பார்க்கச் சொல்லும் பழக்கம் அமெரிக்க நகை வியாபாரத்தில் உண்டு. யோசனைகள் எல்லாம் சின்னதாகவே இருக்கும். ஷோகேஸ் அலங்காரத்தை மாற்று, பழைய வாடிக்கையாளருக்குப் போன் செய், ஒரு வருடமாக விற்காத சரக்கைத் தனியாக எடுத்து வை, இந்த மாதிரி. 2021 ஜூனில் தங்கத்தின் தரத்தைக் காட்டும் ஹால்மார்க் முத்திரையைக் கட்டாயமாக்கும் வேலை நாட்டில் தொடங்கியபோது, எப்படியும் கடையில் இருந்த எல்லா நகையையும் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. அந்த நேரத்தில்தான் இந்த முறையைக் கையில் எடுத்தேன். இன்றுவரை விடவில்லை.

கோத்தகிரி மார்க்கெட் பக்கம் அப்பா ஆரம்பித்த கடை. கடையில் நான், வேலைக்கு இரண்டு பெண்கள், வாரத்தில் சில நாள் வந்துபோகும், நகை செய்யும் பத்தர் ஒருவர். அவ்வளவுதான். எங்களுக்குப் போட்டி பக்கத்துக் கடை இல்லை, கோயம்புத்தூர். கல்யாணம் என்றால் குடும்பத்தோடு வண்டி பிடித்துக் கீழே போய்விடுவார்கள். டிவியைத் திறந்தால் பெரிய கடைகளின் விளம்பரம்தான். அவர்களோடு விளம்பரத்தில் மோத முடியாது என்பதால், வாரம் ஒரு யோசனையில் விற்பனை யோசனைகள்தான் எனக்குக் கைகொடுக்கும் என்று நினைத்துத் தொடங்கினேன். நடந்தது வேறு. விற்பனை யோசனைகளில் பாதிக்கு மேல் எங்கள் மலைக்கு ஒட்டவில்லை. கடையின் உள்வேலை பற்றிய யோசனைகள்தான் கல்லாவில் தெரிந்தன.

நான் பின்பற்றும் வழி எளிமையானது. செவ்வாய்க்கிழமை நகை வாங்க வருபவர்கள் குறைவு, அதனால் யோசனையை அன்றைக்குத் தேர்ந்தெடுப்போம். ஒரு நீள நோட்டில் யோசனை என்ன, யார் செய்வது, எப்படிப் போனது என்று மூன்றே பத்தி. ஒரு மாதம் வரை பலன் தெரியாவிட்டால் அடித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவோம். நோட்டில் எழுதாமல் வாய்ப்பேச்சாக விட்ட யோசனை எதுவும் எங்கள் கடையில் நிலைத்ததில்லை.

இதில் என்னை அதிகம் மாற்றியது சரக்கின் வயதைப் பார்க்கச் சொன்ன யோசனை. ஒவ்வொரு டேக்கிலும் சரக்கு வந்த மாதத்தைக் குறியீடாக எழுது, ஒரு வருடம் தாண்டியதை வாரம் ஒரு ட்ரே வீதம் எடுத்துப் பார் என்பார்கள். அங்கே அதற்கு அடுத்த வரி, விலையைக் குறைத்துத் தள்ளிவிடு என்பதுதான். அங்குள்ள கடைகளில் நூறு டாலருக்கு வாங்கியதை இருநூறுக்கு விற்பது பழைய வழக்கம். பாதி விலைக்குத் தள்ளினாலும் போட்ட முதல் வந்துவிடும். நமக்கு அந்தக் கணக்கு உதவாது. பவுன் விலை ஊருக்கே தெரிந்தது. நம் லாபம் சேதாரத்திலும் செய்கூலியிலும்தான் இருக்கிறது, தள்ளுபடி கொடுக்க அதில் அதிக இடமில்லை. ஆனால் நமக்கு இன்னொரு வசதி உண்டு. விற்காத நகையை உருக்கி வேறு மாடலாகச் செய்துகொள்ளலாம். செய்கூலியும் ஹால்மார்க் செலவும் போகும், தங்கம் கைக்கு வந்துவிடும். ஆக, நம் கடையில் கேட்க வேண்டிய கேள்வி, இதை இன்னும் வைத்திருப்பதா, மாற்றிச் செய்வதா என்பதுதான்.

தங்கம் விலை ஏறிக்கொண்டே இருக்கும் காலத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. வைத்திருந்தால் விலை தானாக ஏறுகிறதே என்ற நினைப்பு. ஆனால் ஒரு ஆரத்தை விற்ற காசில் அதே எடைக்குத் தங்கம் வாங்கப்போனால் ஏறிய விலையைத்தானே கொடுக்க வேண்டும்? கடை நடத்துகிற வரை அந்த ஏற்றம் ஏட்டில்தான் இருக்கும். 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் இறக்குமதி வரியை 15 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தார்கள். அன்றைக்கே பவுன் விலை சட்டென்று இறங்கியது. தேங்கிய சரக்கை முதலிலேயே குறைத்து வைத்திருந்ததால் எங்களால் அந்த வாரத்தைப் பதறாமல் கடக்க முடிந்தது.

வயதுக் கணக்கு போட்டதில் இன்னொன்றும் தெரிந்தது. எங்களிடம் தூங்கிக்கொண்டிருந்தவை நான்கு பவுன், ஐந்து பவுன் ஆரங்கள். ஓடிக்கொண்டிருந்தவை கம்மல், மூக்குத்தி, குழந்தைக் காப்பு, ஒரு பவுனுக்குள் சங்கிலி. பெரிய ஆரம் வாங்குபவர்கள் கீழே போவார்கள், அவசரத்துக்கும் விசேஷத்துக்கும் சின்ன நகை வாங்குபவர்கள் எங்களிடம் வருவார்கள். இது அப்பாவுக்கும் தெரிந்ததுதான், ஆனால் எழுதிப் பார்த்தபோதுதான் எவ்வளவு பணம் எங்கே முடங்கியிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரிந்தது. இப்போது ஆரம் இரண்டு மாடல்தான் வைத்திருக்கிறோம். மற்றதெல்லாம் படம் காட்டி ஆர்டர் எடுப்பதுதான். 2 கிராமுக்குக் குறைந்த நகைக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை என்று விதி இருக்கிறது. எங்கள் வியாபாரமே அந்த அளவில்தான் என்பதால், அதற்குள் வரும் கம்மலுக்கும் ஹால்மார்க் போட்டே விற்பது என்று முடிவு செய்தோம். ஒரு நகைக்கு 45 ரூபாயும் அதன் மேல் ஜிஎஸ்டியும் ஆகிறது. அந்தக் காசு வீண் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

அடுத்தது ரிப்பேர். ரிப்பேருக்கு வரும் ஒவ்வொருவரும் கடைக்குள் வந்துவிட்ட வாடிக்கையாளர், அவரைப் பத்து நிமிடம் உட்கார வை என்று ஒரு வார யோசனை. எங்கள் பக்கம் ரிப்பேர் என்றால் கவரில் போட்டு, பெயர் எழுதி, வெள்ளிக்கிழமை வாங்க என்று அனுப்பிவிடுவதுதான் வழக்கம். இப்போது முதலில் அவர்கள் கண் முன்னாலேயே எடை போட்டுக் கவரின் மேல் எழுதுகிறோம். திருப்பிக் கொடுக்கும்போது மறுபடி எடை. பிறகு லென்ஸை வைத்துக் கல், கொக்கி, திருகு எல்லாம் பார்த்துச் சொல்கிறோம்.

படுகர் கிராமமான ஒரு ஹட்டியிலிருந்து வயதான அம்மா ஒருவர் சங்கிலியைப் பற்றவைக்கக் கொண்டுவந்தார். சங்கிலியைப் பார்த்துவிட்டு, காதில் போட்டிருக்கும் தோட்டையும் கழற்றித் தாருங்கள், சும்மா பார்க்கிறேன் என்றேன். திருகின் மரை முழுக்கத் தேய்ந்து வழுவழு என்றிருந்தது. இன்னும் கொஞ்ச நாளில் தேயிலைத் தோட்டத்தில் எங்கேயாவது விழுந்திருக்கும். திருகை மாற்றிவிட்டு, மகள் வாங்கித் தந்த புது மோதிரத்தையும் லென்ஸில் காட்டினேன். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரை, 22 காரட் என்று சொல்லும் 22கே916, அதன் பக்கத்தில் எழுத்தும் எண்ணுமாக ஆறு இலக்கம். “என்ன கண்ணு, இத்தனூண்டு எடத்துல இவ்வளவு எழுதியிருக்கு?” என்றார். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த ஆறு இலக்கத்தைப் போட்டதும் எந்த மையத்தில் முத்திரை போட்டார்கள், என்ன நகை, என்ன தரம் என்று வந்தது. மோதிரம் எங்கள் கடையில் வாங்கியதுகூட இல்லை. அடுத்த வாரம் அவர் மகளும் மருமகளும் கம்மல்களோடு வந்தார்கள்.

லென்ஸ் என்றதும் ஒரு விஷயம். ஹால்மார்க் நகை விற்கும் கடையில் குறைந்தது பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் வாடிக்கையாளருக்குக் கிடைக்க வேண்டும் என்பது விதி. 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு இலக்க எண் இல்லாத பழைய முத்திரை நகையை விற்கவும் கூடாது. இரண்டும் சட்டம், நாம் இஷ்டப்பட்டுச் செய்வதில்லை. இருந்தும் அந்த லென்ஸைக் கவுண்டரின் மேலேயே வைத்து, கேட்கும் முன் எடுத்து நீட்டுகிற கடைகள் குறைவு. விளம்பரத்துக்குக் காசில்லாத சின்னக் கடைக்கு இதைவிட நல்ல விளம்பரம் எனக்குத் தெரியாது.

காலையில் பத்து நிமிடம் ஊழியர்களோடு ஒத்திகை பார்ப்பதும் இப்படி வந்த பழக்கம்தான். சென்னையிலிருந்து அன்றைய தங்க ரேட் வருகிற வரை கடையில் பெரிதாக வேலை இருக்காது. அந்த நேரத்தில் ஒருத்தி வாடிக்கையாளர், இன்னொருத்தி விற்பவள். கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: “கோயம்புத்தூர்ல சேதாரம் கம்மியாச்சே அக்கா?” இதற்கு வாயால் பதில் சொல்லக் கூடாது, காகிதத்தில் எழுதிக் காட்ட வேண்டும் என்று வைத்திருக்கிறோம். 8 கிராம் சங்கிலிக்கு அங்கே 8 சதவீதம் என்றால் 0.64 கிராம், நம்மிடம் 11 சதவீதம் என்றால் 0.88 கிராம். வித்தியாசம் 0.24 கிராம், இன்றைய ரேட்டில் இவ்வளவு ரூபாய். செய்கூலி, ஜிஎஸ்டி 3 சதவீதம், ஹால்மார்க் எல்லாம் தனித்தனி வரியில். அப்புறம் அவர்களே முடிவு செய்யட்டும். சிலர் எழுந்து போகிறார்கள்தான். எழுதிய தாளை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறோம். கீழே போய் அங்கேயும் இதே மாதிரி பிரித்து எழுதித் தரச் சொல்லிக் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தவர்கள் உண்டு.

இனி விற்பனை யோசனைகள். இவற்றில் பெரிய குறை, எல்லாமே வைரத்தையும் நிச்சயதார்த்த மோதிரத்தையும் நினைத்து எழுதியவை. கிறிஸ்துமஸ், காதலர் தினம், அன்னையர் தினம் என்று அவர்கள் காலண்டர் வேறு. மாதத்துக்கு ஒரு பிறப்புக்கல் என்பதும் அங்குள்ள நகை வியாபாரிகள் சங்கம் 1912இல் ஒழுங்குபடுத்திய பட்டியல்தான். எங்கள் பக்கம் ஜோசியர் சொன்ன ராசிக்கல்லைத்தான் கேட்பார்கள், அதில் கை வைக்க எனக்கு விருப்பமில்லை. பிறந்தநாள் வாழ்த்துச் செய்தி ஒன்றுக்கும் உதவவில்லை. எல்லாப் பெரிய கடையும் அனுப்புகிறது, யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை.

அந்தக் காலண்டரைத் தூக்கி வைத்துவிட்டு எங்கள் மலைக்கு ஒன்று எழுதிக்கொண்ட பிறகுதான் விற்பனை யோசனைகளுக்கும் உயிர் வந்தது. எஸ்டேட் தொழிலாளர்களுக்குப் போனஸ் வருவது தீபாவளிக்கு முன். சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், அதிகபட்சம் 20. அது எவ்வளவு என்று முடிவாகும் வாரத்தில் ஒரு கிராம், ஒன்றரை கிராம் நகைகளை முன்வரிசைக்குக் கொண்டுவந்துவிடுவோம். சிறு விவசாயிகள் கையில் காசு இருக்கிறதா என்பது பச்சைத் தேயிலை விலையைப் பொறுத்தது. தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் சராசரி விலையைப் பார்த்துவிட்டுத்தான் அந்த மாதம் எவ்வளவு சரக்கு எடுப்பது என்று தீர்மானிக்கிறேன். டிசம்பர், ஜனவரியில் படுகர் மக்களின் ஹெத்தை அம்மன் திருவிழா. பெங்களூரிலும் கோவையிலும் இருப்பவர்கள் ஊருக்கு வருவார்கள். அதற்கு முந்தைய இரண்டு வாரமும் பழைய நகைக்கு இலவசப் பாலிஷ். ஜூனில் பள்ளிக் கட்டணம், அப்போது யாரிடமும் நகை வாங்கச் சொல்லிப் போன் செய்வதில்லை.

மே மாதம் சுற்றுலாக் கூட்டம் வரும். 2024 மே முதல் இ-பாஸ் எடுத்துத்தான் மலை ஏற வேண்டும். வருகிறவர்கள் தங்கம் வாங்கப்போவதில்லை. வெள்ளி மெட்டி, சின்னக் கொலுசு கொஞ்சம் போகும். அதற்காகக் கடையையே மாற்றி அடுக்கச் சொன்ன யோசனையை ஒரே சீசனில் விட்டுவிட்டோம். வெள்ளி பற்றிச் சொல்வதானால், இங்குள்ள பனிமூட்டத்தில் திறந்து வைத்த கொலுசு சீக்கிரமே கறுக்கும். ஒவ்வொன்றையும் காற்றுப்புகாத உறையில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு போட்டு, காட்சிக்கு ஒரு ஜோடி மட்டும் வைக்கிறோம். எந்த வெளியூர் யோசனையிலும் இது இல்லை.

துணிப்பை யோசனை எதிர்பாராமல் நன்றாக ஓடியது. நீலகிரியில் பிளாஸ்டிக் பை கூடாது என்பதால் எப்படியும் துணிப்பை கொடுக்க வேண்டும். காய்கறி வாங்கும் அளவுக்குக் கெட்டியாகத் தைத்து, கடைப் பெயரைச் சின்னதாகப் போட்டோம். மார்க்கெட்டில் கேரட்டும் பீன்ஸும் சுமந்துகொண்டு அது இப்போதும் சுற்றுகிறது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் பலன் தருகிறது, ஆனால் படத்தோடு எடையும் சேதாரமும் போட்டால் மட்டும். வெறும் படத்துக்கு “சூப்பர்” என்றுதான் பதில் வரும்.

தவணையில் பணம் கட்டி நகையை எடுத்துக்கொள்ளும் யோசனையை நம் நகைச்சீட்டு மாதிரி மாற்றிச் செய்ய நினைப்பவர்கள் முதலில் ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள். பொருளுக்காக வாங்கிய முன்பணம் 365 நாளைத் தாண்டினால், 2014இல் வந்த விதிகளின்படி கம்பெனிகளுக்கு அது டெபாசிட் கணக்கில் போய்விடும். பெரிய கடைகளின் திட்டங்கள் 11 மாதத்தில் முடிவது அதனால்தான். 2019இல் ஒழுங்குபடுத்தப்படாத டெபாசிட் திட்டங்களைத் தடைசெய்து தனிச் சட்டமே வந்திருக்கிறது. நாங்கள் இதில் இறங்கவில்லை.

புதிதாக இந்த முறையைத் தொடங்க நினைக்கும் சின்னக் கடைக்காரர்கள் தீபாவளி நெருக்கத்தில் ஆரம்பிக்காதீர்கள். ஆடி மாதம்தான் தோது. கல்யாணப் பேச்சு இருக்காது, பதினெட்டாம் பெருக்கைத் தவிர மற்ற நாளெல்லாம் கடை காலியாகக் கிடக்கும். முதல் வாரம் விளம்பரம் எதுவும் வேண்டாம், ஒரு ட்ரேயை எடுத்து டேக்கில் மாதத்தை எழுதுங்கள். அடுத்த வாரம் அடுத்த ட்ரே. எல்லா ட்ரேயும் முடிந்தால், ஆவணி முகூர்த்தத்துக்கு எதை வாங்குவது, எதை உருக்குவது என்று சரக்கு எடுக்கப் போகும் முன்பே தெரிந்துவிடும்.