ஷூவோடு அளந்தால் சரி, ஷூவைக் கழற்றினால் குண்டு: எந்த அளவை நம்புவது?

தங்கை மகனுக்குப் போன மாதம்தான் நாலு முடிந்தது. டெல்லி ஆர்.கே.புரம் வீட்டில் அவன் உடம்பைப் பற்றி இரண்டு கட்சி. "குழந்தைன்னா கொழுகொழுன்னுதான் இருக்கணும், கண்ணு வைக்காதீங்க" என்பது அம்மா. நர்சரியில் கொடுத்த உடல்நல அட்டையிலும் எடை சரி என்று டிக் போட்டிருந்ததில் அம்மாவுக்குக் கூடுதல் தெம்பு. எனக்கு மட்டும் சந்தேகம். சுவரோடு குதிகாலை ஒட்டி நிறுத்தி, தலையில் அட்டையை வைத்து அளந்தேன். 103 செ.மீ. நர்சரி அட்டையில் 105. ஷூவைக் கழற்றாமலே அளந்திருக்கிறார்கள்! எடை இரண்டு இடத்திலும் 20 கிலோ.

வயதுக்கேற்ற எடையை மட்டும் பார்த்தால் இவன் தப்பிவிடுவான். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் நாலு வயதுப் பையனின் நடு எடை 16.3 கிலோ, அதற்கு மேல் இரண்டு திட்ட விலக்கம் (நடுவிலிருந்து எடைகள் எவ்வளவு பரவுகின்றன என்பதன் அளவு) தள்ளியிருக்கும் +2 கோடு 21.2 கிலோ. ஆனால் இந்த அளவு உயரத்தைக் கேட்பதே இல்லை. நெட்டைப் பிள்ளையும் குண்டுப் பிள்ளையும் அதற்கு ஒன்றுதான். எடை குறைந்த குழந்தையைக் கண்டுபிடிக்க உதவும், பருமனுக்கு வேண்டாம்.

பிஎம்ஐ உயரத்தையும் சேர்த்துக்கொள்கிறது: கிலோவை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 103 செ.மீ. என்றால் 18.9. நர்சரியின் 105 என்றால் 18.1. நாலு வயதுப் பையனுக்கு +2 கோடு 18.2. இரண்டு சென்டிமீட்டர் ஷூ அவனைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டது. உயரம் வர்க்கமாவதால் அதில் விழும் தப்பும் பெருத்துவிடும்.

சரி, அப்படியானால் இவன் பருமனா? இல்லை. 5 வயதுக்குள் +2 தாண்டினால் அதிக எடை, +3 (இவன் வயதில் 19.9) தாண்டினால்தான் பருமன். தங்கையின் போன் ஆப் மட்டும் சிவப்பில் பருமன் என்று கத்தியது. அது அமெரிக்க அட்டவணை. அங்கே 95-ஆவது சதமானம் (நூறு பிள்ளைகளில் 95 பேர் இதற்குக் கீழே), ஏறக்குறைய 17.8, தாண்டினாலே பருமன். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்டதையும் வெள்ளைக்காரக் குழந்தைகளின் கணக்கு என்று சிலர் ஒதுக்குவார்கள். அதற்காக அளந்த ஆறு நாட்டுக் குழந்தைகளில் தெற்கு டெல்லிக் குழந்தைகளும் உண்டு, நம்ம பக்கத்து வீட்டுக் கணக்குதான்.

உயரத்துக்கேற்ற எடை என்ற அட்டவணையும் இவனை அதிக எடை என்றே சொல்கிறது. அதற்கு வயதே வேண்டாம். பிறந்த தேதி சரியாகத் தெரியாத குழந்தைக்கு அதுதான் கை கொடுக்கும். ஆனாலும் என் ஓட்டு பிஎம்ஐக்கு, அதுவும் ஒரு தடவை அளந்ததற்கு அல்ல, தொடர்ந்து குறித்து வைத்ததற்கு. சுமார் ஒரு வயதுக்குப் பிறகு பிஎம்ஐ இறங்கிக்கொண்டே போய், 5, 6 வயதில்தான் மறுபடி ஏறத் தொடங்கும். மூன்று வயதில் பாட்டிமார் "பிள்ளை இளைச்சுட்டான்" என்று புலம்புவது பெரும்பாலும் இந்த இயல்பான இறக்கத்தைத்தான். இறங்க வேண்டிய வயதில் ஏறினால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மேல்கையின் சுற்றளவை அளக்கும் அங்கன்வாடி நாடா மலிவு, நொடியில் முடியும் வேலை. ஆனால் 11.5 செ.மீ.க்குக் கீழே சிவப்பு, 12.5 வரை மஞ்சள், அதற்கு மேல் எல்லாம் பச்சை. பச்சை என்றால் மெலிவு இல்லை, அவ்வளவுதான். குண்டுக் கையும் பச்சைதான். இடுப்பு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்ற விதி பெரிய பிள்ளைகளுக்கு. இந்த வயதில் தொப்பை இயல்பு, அதிலும் தயிர்சாதம் சாப்பிட்ட கையோடு அளந்தால் கேட்கவே வேண்டாம். தோல் மடிப்பைக் கிள்ளி அளக்கும் காலிப்பர் கொழுப்பையே நேரடியாகத் தொடுகிறது, ஆனால் ஆளுக்கு ஆள் கை மாறினால் எண்ணும் மாறும். குழந்தை அழ ஆரம்பித்தால் அதுவும் போச்சு.

அடுத்த வருஷம் 5 முடிந்ததும் இன்னொரு கூத்து. அப்போது +1 தாண்டினாலே அதிக எடை, +2 தாண்டினால் பருமன். உடம்பு அப்படியே இருந்தாலும், கேக் வெட்டிய கொஞ்ச நாளில் பெயர் மாறிவிடும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, அதே தராசு, அதே சுவர் என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறேன். அளந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டாயிற்று. மறுநாள் பார்த்தால் 103-க்குப் பக்கத்தில் அம்மா கையெழுத்து: "வெறுங்கால்".