நங்கூரமா, கிரீடமா? பழைய ராணுவத் தொப்பி பேட்ஜ் வாங்கும்போது

பாண்டிச்சேரியில் இருந்துகொண்டு பிரெஞ்சு பேட்ஜை விட்டுவிட்டு பிரிட்டிஷ்காரன் பேட்ஜைச் சேர்க்கிறாயே என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். போலீஸ்காரருக்கே பிரெஞ்சு பாணிச் சிவப்பு கெப்பி தொப்பி கொடுத்த ஊர், கேலி நியாயம்தான். ஆனால் இரண்டையும் வாங்கிப் பார்த்த பிறகுதான் பிரிட்டிஷ் பக்கம் சாய்ந்தேன், அதில் ஒருமுறை நன்றாக ஏமாந்தும்கூட.

அழகில் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை. விலை அன்றைய பேரத்தைப் பொறுத்தது. பராமரிப்பைப் பொறுத்தவரை, நம் உப்புக்காற்றில் பித்தளை பச்சைக் களிம்பு பூக்கும். ஜரிகையில் தைத்த பிரெஞ்சுச் சின்னமோ கறுத்து, நூல் பிரிந்துவிடும். பித்தளையாவது துடைத்து வைத்தால் தாங்கும். பிராசோ போட்டுப் பளபளப்பாக்குவது மட்டும் வேண்டாம், பழைய நிறம் போனால் பாதி மதிப்பு போச்சு.

எனக்கு முடிவைத் தந்தது வேறு விஷயம். பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல், இது எந்தக் காலத்தது என்று நானே சொல்ல முடிகிறதா?

பிரெஞ்சுக் காலனிப் படையின் சின்னம் நங்கூரம். அன்றும் அதுதான், இன்றும் அதுதான். ஆட்சி மாறும்போது மாறுவதற்குக் குடியரசில் கிரீடம் ஏது? பின்பக்கம் த்ராகோ போன்ற தயாரிப்பாளர் பெயரும் பாரீஸ் வீதிப் பெயரும் இருந்தால், அந்த முகவரி மாறியதை வைத்துக் காலத்தை நெருங்கலாம். முகப்பில் பிரெஞ்சுக் குடியரசைக் குறிக்கும் ஆர்.எஃப். எழுத்து இருந்து, பின்னால் மடக்குகிற இரண்டு தகட்டு நாக்குகள் இருந்தால், அது தொப்பியில் குத்தியதாக இல்லாமல், 1915-இல் வந்த அத்ரியான் இரும்புத் தொப்பியின் முகப்புச் சின்னமாக இருக்கலாம். பிரெஞ்சுப் பக்கம் என் கைக்கு வந்தவை மொத்தமே நாலு. இதில் கரை கண்டவர்கள் என்னைத் திருத்தலாம்.

பிரிட்டிஷ் பேட்ஜில் கிரீடமே காலண்டர். வளைவுகள் நடுவில் குழியாமல் மேலே எழும்பிக் கூடினால் டியூடர் கிரீடம், 1901 முதல் 1952 வரை. நடுவில் பள்ளம் விழுந்து இருபுறமும் தோள் தூக்கி நின்றால் பெரும்பாலும் எலிசபெத் ராணி காலம், 1953-க்குப் பிறகு. இந்தியப் படைகளில் 1950-இல் கிரீடம் போய் அசோகச் சிங்கம் வந்துவிட்டது. சார்லஸ் மன்னர் டியூடர் கிரீடத்தையே திரும்பக் கொண்டுவந்துவிட்டதால், புத்தம்புதிதாகப் பளபளப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதிக் கடையில் ஒருவர் ஒரு பேட்ஜை நீட்டி, "1783 கடலூர் முற்றுகையில கெடச்சது தம்பி" என்றார். முகத்தில் டியூடர் கிரீடம். முற்றுகைக்கும் அதற்கும் நூறு வருஷத்துக்கு மேல் இடைவெளி. சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தேன்.

கிரீடமே இல்லாத பேட்ஜ் என்றால்தான் வம்பு. நான் ஏமாந்ததும் அதில்தான். ராயல் டப்ளின் ஃப்யூசிலியர்ஸ் பேட்ஜில் தீ எரியும் ஒரு கையெறி குண்டு, குண்டின் மேல் புலி, அதன் கீழே யானை. அயர்லாந்துப் படைக்கு யானை எதற்கு? பழைய மதராஸ், பம்பாய் ஐரோப்பியப் படைகள் இரண்டையும் 1881-இல் சேர்த்துத்தான் இதை உண்டாக்கினார்கள். அப்படிப் பார்த்தால் நம் கரையோரத்துப் பொருள். 1922-இல் படையைக் கலைத்துவிட்டார்கள். கலைத்த படையின் பேட்ஜ் என்றாலே கிராக்கி, கிராக்கி என்றாலே போலி.

யானையைப் பார்த்த பரவசத்தில் வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து திருப்பினால் பின்பக்கம் தட்டையாக, ஊசிக்குத்து போலப் பொடிப்பொடிக் குழிகளுடன் இருந்தது. அச்சில் அடித்த பேட்ஜில் முன்னால் குண்டு புடைத்தால் பின்னால் அதே இடம் குழிந்திருக்கும். இது மணலில் வார்த்தது. விற்றவர் அடுத்த வாரம் கண்ணிலேயே படவில்லை.

அதிலிருந்து முதலில் பார்ப்பது பின்பக்கம்தான். தொப்பியில் செருகும் நீண்ட தகடு, ஸ்லைடர், 1900களின் தொடக்கத்தில் வந்தது. அதற்கு முன் இரண்டு வளையங்கள்தான். வளையம் பின்னாலும் தொடர்ந்ததால் அதை மட்டும் வைத்து 'பழசு' என்று துள்ளக்கூடாது. ஸ்லைடர் பற்றவைத்த இடத்தில் மினுமினுக்கும் புது ஈயம், மேலே பழுப்பேறிய பித்தளை என்று இருந்தால் சந்தேகப்படுங்கள். ஸ்லைடரில் பெரிய கம்பெனி பெயர் இருப்பதும் சாட்சி இல்லை, பெயரையும் சேர்த்தே போலி அடிக்கிறார்கள். பழைய அச்சிலேயே மறுபடி அடித்தவையும் உண்டு. அவற்றின் முகத்தில் குறையே தெரியாது.

உலோகமும் பேசும். பித்தளையும் வெள்ளை உலோகமும் சேர்ந்து வரவேண்டிய பேட்ஜ் முழுப் பித்தளையாக இருந்தால் உடனே ஒதுக்காதீர்கள், 1916-இல் சிக்கனத்துக்காக அப்படி அடித்தார்கள். பிளாஸ்டிக் பேட்ஜ் பொம்மை அல்ல, இரண்டாம் உலகப்போர்ச் சரக்கு. எடையே இல்லாமல் தங்கம்போல் மின்னும் அலுமினியம் 1950களிலும் அதற்குப் பிறகும் வந்தது.

அப்படியானால் பிரெஞ்சு வேண்டவே வேண்டாமா? ஒரு விதிவிலக்கு உண்டு. சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர், குடும்பத்திலிருந்து நேராக, பென்ஷன் புத்தகமும் அந்த நங்கூரம் தொப்பியில் தெரியும் போட்டோவும் சேர்ந்து வந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். பேட்ஜ் சொல்லாத வருஷத்தைக் காகிதம் சொல்லிவிடும். என்னிடம் இருக்கும் நாலில் ஒன்றுக்குத்தான் அப்படிப் போட்டோ இருக்கிறது, அதை விற்கப்போவதில்லை. மற்ற மூன்றையும் வருஷம் சொல்லி விற்க முடியாமல் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

அப்புறம் ஒரு நல்ல டப்ளின் பேட்ஜும் அமைந்தது. போன மாதம் சென்னையிலிருந்து ஒருவர் விலை கேட்டார். புலியும் யானையும் பளிச்சென்று தெரிய நாலு படம் எடுத்து அனுப்பினேன். ஒற்றை வரியில் பதில் வந்தது: "சார், பின்பக்கம் அனுப்புங்க."