நம்புற மாதிரி பேட்மேனா, கட்டம் மாறாத சின் சிட்டியா?

2005ல ரெண்டு காமிக்ஸ் படம் வந்துச்சு, பேட்மேன் பிகின்ஸ், சின் சிட்டி. ரெண்டுலயும் காமிக்ஸ்காரர் ஃபிராங்க் மில்லர் கை இருக்கு. சின் சிட்டி அவரே எழுதி வரைஞ்சது, படத்தையும் ராபர்ட் ரோட்ரிகஸோட சேந்து டைரக்ட் பண்ணாரு. பேட்மேன் பிகின்ஸ் டைரக்டர் நோலன், அவர் படத்துக்கு மில்லர் 1987ல எழுதுன இயர் ஒன்ங்குற பேட்மேன் காமிக்ஸ் கதைல இருந்து நெறைய விஷயம் போயிருக்கு.

எங்க வியாசர்பாடில கேரம் போர்டு சுத்தி நின்னு பேசுனா மொத்த ஓட்டும் நோலனுக்குத்தான். "நம்புற மாரி கீது நைனா", அவ்ளோதான் காரணம். சரி, அந்த நம்பிக்கைய வரவழைக்க அவர் எவ்ளோ மாத்திருக்காருன்னு பாருங்க, பறக்குற அங்கி கரண்ட் பட்டா விறைச்சுக்குற துணியாம், டிரெஸ்ஸு மிலிட்டரிக்காக செஞ்சு காசு ஜாஸ்தின்னு மூலைல போட்டதாம், காரு ராணுவத்துக்கு பாலம் கட்ட செஞ்ச வண்டியாம். காமிக்ஸ்ல லாசரஸ் குழில முங்கி முங்கி நூத்துக்கணக்கான வருஷம் வாழுற வில்லன் ராஸ் அல் குல், படத்துல ஆள் மாத்தி ஏமாத்துற சாதா மனுஷன். நோலனோட 2008 பேட்மேன் படம் டார்க் நைட்ல ஜோக்கருக்கு கெமிக்கல்ல வெளுத்த தோலும் போச்சு, வெறும் கலைஞ்ச மேக்கப். ஆனா பயம் அதுலதான் வந்துச்சு, அத ஒத்துக்கணும்.

சின் சிட்டி நேரெதிர். கறுப்பு வெள்ளைக்கு நடுவுல ஒரு செவப்பு கவுன், ஒரு மஞ்ச வில்லன், வெள்ளையா தெறிக்கிற ரத்தம். இஷ்டத்துக்கு எடுத்துருக்காங்கன்னு தோணும், ஆனா புக்க பக்கத்துல விரிச்சு வச்சா பல சீன் கட்டம் கட்டமா அப்படியே இருக்கும். மில்லருக்கும் டைரக்டர்னு பேரு போடணும்னு ரோட்ரிகஸ் டைரக்டர்ஸ் கில்டையே (அங்க டைரக்டருங்க சங்கம்) விட்டு வெளிய வந்தாரு, அவ்ளோ விசுவாசம். ஆக, ரியலா இருக்குன்னு நாம கைதட்டுற படத்துலதான் கைவரிசை ஜாஸ்தி. (எங்க ஏரியாவ ராவா காட்டுறேன்னு கத்தியும் ரத்தமுமா எடுக்குறாங்களே, அதுவும் ஒரு காமிக்ஸ் ஸ்டைல்தான், வெளிய சொல்லிக்க மாட்டாங்க.) சின் சிட்டில எனக்குள்ள ஒரே கடுப்பு, படம் பூரா ஹீரோவுங்க மனசுக்குள்ளயே பேசிட்டு இருப்பானுங்க, பாதிக்கு மேல காது வலிக்குது.

இப்ப நம்ம இரும்புக்கை மாயாவிக்கு வருவோம், 1972ல முத்து காமிக்ஸ் போட்ட மொத புக்கு. ஷாக் அடிச்சா ஆளு மறைஞ்சுடுவாரு, இரும்புக்கை மட்டும் மிதக்கும். இத படமா எடுத்து, நோலன் ரூட்ல இதுக்கு சயின்ஸ் சொல்ல ஆரம்பிச்சா, அப்ப சட்ட பேன்ட் எப்டி மறையுதுன்னு முதல் வரிசைல இருந்தே குரல் வரும். சின் சிட்டி ரூட்ல எடுத்தா, அத்திப்பட்டு அனல் மின் நிலையத்துல ராத்திரி, மொத்தமும் கறுப்பு, கை மட்டும் வெள்ளையா நகருது, விளக்கமே வேணாம், என் ஓட்டு இதுக்குத்தான். ஆனா முக்கால்வாசி படத்துல மூஞ்சியே தெரியாதுன்னா எந்த பெரிய ஹீரோ கால்ஷீட் குடுப்பாரு சொல்லுங்க.