நாகர்கோவிலில் ஓஇடி கோச்சிங்: பேசப் பழகப் போகலாம், கேட்கப் பழகப் போக வேண்டாம்

நாகர்கோவிலில் ஒரு செல்போன் கடைக்கு மேல், முதல் மாடியில் நடக்கும் ஓஇடி கோச்சிங் சென்டர் பற்றி எழுதுகிறேன். பெயரைப் போடவில்லை. என் வார்டு சிஸ்டர்கள் இரண்டு பேர் இன்னும் அங்கே படிக்கிறார்கள், ஊரும் சின்னது. ஆனால் இங்கே சொல்லும் நல்லதும் கெட்டதும் இந்த வட்டாரத்தில் பல சென்டர்களுக்குப் பொருந்தும் என்று மற்ற பேட்ச் ஆட்களிடம் பேசியதில் தெரிந்துகொண்டேன்.

நர்சிங் பக்கம் வராதவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓஇடி என்பது டாக்டர், நர்ஸ் போன்றவர்களுக்கென்றே ஆஸ்திரேலியாவில் உருவான ஆங்கிலத் தேர்வு. இங்கிலாந்தின் நர்சிங் கவுன்சிலான என்எம்சி 2017 கடைசியில் இதை ஏற்றுக்கொண்டது. அதற்கு முன்னால் எல்லாத் துறைக்காரர்களும் எழுதும் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வில் பொதுவான தலைப்புகளில் கட்டுரை எழுதித் தவித்தவர்கள், டிஸ்சார்ஜ் லெட்டர் எழுதினால் போதும் என்றதும் இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். நான்கு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் 500 மார்க். என்எம்சிக்கு லிஸனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூன்றிலும் தலா 350 வேண்டும், ரைட்டிங்கில் 300 போதும். தேர்வுக் கட்டணம் நம் காசுக்கு முப்பதாயிரத்தைத் தாண்டும். அதனால்தான் கோச்சிங் விஷயத்தில் இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கிறது.

நான் தக்கலைப் பக்கம் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். அப்புறம் ஜிஎன்எம் என்ற நர்சிங் டிப்ளமோ. ஆர்த்தோ (எலும்பு) வார்டில் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. எங்கள் ஆங்கிலம் ஒரு வினோதமான ஆங்கிலம். நோயாளியிடம் தமிழில் பேசுவோம், பாதிப் பேரிடம் மலையாளத்தில் பேசுவோம், கேஸ் ஷீட்டில் மட்டும் ஆங்கிலத்தில் எழுதுவோம். அதுவும் எப்படி? கே.சி.ஓ. டி.எம். (ஏற்கெனவே சுகர் உள்ளவர்), ஹெச்.ஓ. ஃபால் (கீழே விழுந்திருக்கிறார்), சி.ஓ. பெயின் (வலி என்கிறார்). எழுவாய் கிடையாது, வினை கிடையாது, ஏ, ஆன், தி எதுவும் கிடையாது. பத்து வருஷம் தினமும் ஆங்கிலத்தில் எழுதியும் ஒரு முழு வாக்கியம் எழுதியிருக்க மாட்டோம். இந்தத் தேர்வின் ரைட்டிங் பகுதி அந்தக் கேஸ் நோட்ஸையே கையில் கொடுத்து, முழு வாக்கியங்களில் கடிதம் எழுது என்கிறது. எங்களை எங்கே மடக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள்தான் இதைத் தயாரித்திருக்க வேண்டும்.

சரி, சென்டருக்கு வருகிறேன். எட்டு வாரம், தினம் மூன்று மணி நேரம், பதினெட்டாயிரம் ரூபாய். காலை பேட்ச்சில் பாதிப் பேர் நைட் டூட்டி முடித்து நேராக வருகிறவர்கள். கடைசி பெஞ்சில் தலை சாய்ந்தால் யாரும் எழுப்ப மாட்டார்கள், அந்த மனிதாபிமானத்துக்குத் தனியாக ஒரு ஸ்டார் கொடுக்கலாம். ஏசி ஓடுகிறது. மெட்டீரியல் என்று கொடுப்பது ஸ்பைரல் போட்ட ஜெராக்ஸ். அதில் பல பக்கங்கள் ஓஇடியின் அதிகாரப்பூர்வ வலைத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாதிரித் தேர்வுகள்தான். அதைத் தவிர "போன மாசம் எக்ஸாமில் வந்தது" என்று ரகசியக் குரலில் ஒரு கட்டுத் தாள் கொடுப்பார்கள். அதை மனப்பாடம் செய்துகொண்டிருந்தவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். ஸ்பீக்கிங் கிளாஸ். இதற்காக மட்டும் அந்த மாடிப்படி ஏறலாம்.

ஸ்பீக்கிங் எடுக்கும் மிஸ் திருவனந்தபுரத்துக்காரர், இங்கிலாந்தில் வார்டில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். தேர்வில் இரண்டு ரோல் பிளே உண்டு. கையில் ஒரு கார்டு தருவார்கள், மூன்று நிமிடம் படித்துக்கொள்ளலாம், அப்புறம் ஐந்து நிமிடம் எதிரில் இருப்பவரை நோயாளியாக நினைத்துப் பேச வேண்டும். மிஸ் நோயாளியாக உட்கார்ந்தால் நிஜமாகவே நோயாளிதான். அன்றைக்கு அவர் இடுப்பு ஆபரேஷன் முடிந்து நடக்க மறுக்கும் கிழவி. முன்வரிசை சிஸ்டர் ஒருத்தி போனாள். வார்டில் அவள் பேசினால் அழுகிற குழந்தையும் ஊசிக்குக் கை நீட்டும். அவள் வாயிலிருந்து வந்தது: "யூ மஸ்ட் வாக். யூ ஹேவ் டு டூ எக்ஸர்சைஸ். டோன்ட் ஃபியர்." மிஸ் அவளை நிமிர்ந்து பார்த்து, "ஐ டோன்ட் ஹேவ் டு டூ எனிதிங், லவ்" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவ்வளவுதான், இவளுக்கு அடுத்த வார்த்தை இல்லை.

மிஸ் கார்டை மேசையில் வைத்தார். "கோட்டாரிலிருந்து ஒரு பாட்டி வந்து இப்படிப் படுத்திருந்தா என்ன சொல்லுவே? தமிழ்லயே சொல்லு."

அவள் யோசிக்கவே இல்லை. "பாட்டி, வலிக்கத்தான் செய்யும், எனக்குத் தெரியும். ஆனா இப்படியே கிடந்தா காலுல ரத்தம் கட்டிக்கிடும். அந்தக் கதவு வரைக்கும் போயிட்டு வருவோமா? நான் பிடிச்சுக்கிடுதேன்."

மிஸ் விரல் விட்டு எண்ணினார். வலியை ஒத்துக்கொண்டாய். காரணம் சொன்னாய். சின்னதாக ஒரு இலக்கு வைத்தாய். சம்மதம் கேட்டாய். கூட இருப்பேன் என்றாய். தேர்வில் கிளினிக்கல் கம்யூனிகேஷன் என்று மார்க் போடுவது இதற்குத்தான், உனக்கு இதெல்லாம் ஏற்கெனவே வருகிறது என்றார்.

எங்கள் பேட்ச்சில் எல்லோருக்கும் அந்த இடத்தில்தான் ஏதோ புரிந்தது. தமிழில் மரியாதையைத் தூக்கிச் சுமப்பது வினையின் வால். "உட்காருங்க" என்பதில் அந்த 'ங்க' எல்லா வேலையையும் செய்துவிடுகிறது. ஆங்கிலத்துக்குப் போகும்போது வால் கழன்று "சிட்" மட்டும் மிஞ்சுகிறது. "ஷோ யுவர் ஹேண்ட்", "டேக் டேப்லட்", "டோன்ட் மூவ்." நமக்கு அதில் அதட்டல் இல்லை. கேட்கிறவருக்கு அதட்டலாகத்தான் விழும். அங்கே அந்த மரியாதையை வாக்கியத்தின் முன்பக்கத்தில் வைக்க வேண்டும்: "குட் யூ", "வுட் யூ மைண்ட்", "ஷால் வீ ட்ரை". எந்த கிராமர் புத்தகமும் இதை எங்களுக்கு இப்படிச் சொல்லித்தரவில்லை, அதில் எல்லாம் 'ரிக்வெஸ்ட்' என்று ஒரு தலைப்பு, கீழே ஐந்து உதாரணம். மிஸ் ஒரு வாரம் முழுக்க முதலில் தமிழில் பேச வைத்து, அதில் என்னென்ன செய்தோம் என்று பார்த்து, அதற்கப்புறம்தான் ஆங்கிலத்துக்குப் போனார். கிளாஸில் தமிழே பேசக்கூடாது, பேசினால் பத்து ரூபாய் ஃபைன் என்று வைத்திருக்கும் சென்டர்களையும் எனக்குத் தெரியும். எந்த முறை வேலை செய்தது என்பதற்கு என் ஸ்பீக்கிங் மார்க் 380 சாட்சி.

உச்சரிப்பிலும் மிஸ் தேவையில்லாத வேலை வைக்கவில்லை. வெள்ளைக்காரர் மாதிரிப் பேச யாரும் உங்களைக் கேட்கவில்லை, புரிந்தால் போதும் என்பார். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டையும் மட்டும் விடவே மாட்டார். தமிழில் ஒரு சொல்லின் எல்லா அசையையும் ஏறத்தாழ ஒரே கனத்தில் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அழுத்தம் எங்கே விழுகிறது என்பதை வைத்துத்தான் பதினைந்தா ஐம்பதா என்று பிரித்துக்கொள்கிறார்கள். மருந்தின் அளவில் இது தவறினால் என்னாகும் என்று சொல்லத் தேவையில்லை. சந்தேகம் வந்தால் "ஒன் ஃபைவ்", "ஃபைவ் ஸீரோ" என்று இலக்கம் இலக்கமாகச் சொல்லச் சொல்லிக்கொடுத்தார். இதை இப்போது எங்கள் வார்டில் போனில் ஆர்டர் வாங்கும்போதும் செய்கிறோம்.

ரைட்டிங் கிளாஸ் சுமார். ஸ்கூலில் ஆங்கிலம் எடுத்து ரிட்டயர் ஆன சார். கிராமர் சுத்தம். 'ஆன்' எங்கே வரும் என்பதற்கு ஏ, இ, ஐ, ஓ, யூ என்று பள்ளியில் படித்த விதியை உடைத்து, எழுத்தைப் பார்க்காதே சத்தத்தைக் கேள், அதனால்தான் 'ஆன் எம்ஆர்ஐ', 'ஏ யூரின் சாம்பிள்' என்று விளக்கியது நன்றாக இருந்தது. "பத்து வருஷமா சுகர் இருக்கு" என்பதை நாங்கள் எல்லோரும் "ஹி இஸ் ஹேவிங் சுகர் சின்ஸ் டென் இயர்ஸ்" என்று எழுதுவோம். தமிழில் நிகழ்காலத்தில் சொல்வதை அங்கே "ஹேஸ் ஹேட்" என்று சொல்ல வேண்டும் என்பதையும் சலிக்காமல் திருத்தினார்.

பிரச்சினை வேறு இடத்தில். இரண்டு பக்கக் கேஸ் நோட்ஸிலிருந்து கடிதத்தை சுமார் 180 முதல் 200 சொற்களில் அடக்க வேண்டும். யாருக்கு எழுதுகிறோமோ அவருக்குத் தேவைப்படாததை விட்டுவிட வேண்டும், விடாவிட்டால் மார்க் குறையும். வீட்டுக்கு வந்து புண்ணுக்குக் கட்டு மாற்றப் போகிற நர்ஸுக்கு, நோயாளி சின்ன வயதில் தொண்டையில் டான்சில் ஆபரேஷன் செய்துகொண்ட கதை எதற்கு? ஆனால் நாங்கள் அடிஷனல் ஷீட் வாங்கி வாங்கி வளர்ந்தவர்கள். தெரிந்ததையெல்லாம் எழுதினால்தான் மார்க் என்பது கையில் ஊறியிருக்கிறது. எதை விடுவது என்று சொல்லித்தர சாரால் முடியவில்லை, காரணம் அவர் வார்டு பார்த்தவர் இல்லை. ஒரே டெம்ப்ளேட்டைக் கொடுத்து அதில் பெயரையும் நோயையும் மாற்றச் சொல்வார். திருத்திய தாள் கைக்கு வர ஒரு வாரம் ஆகும், அதற்குள் என்ன நினைத்து எழுதினோம் என்பதே மறந்திருக்கும். மிஸ்ஸிடம் கேட்டால் இரண்டு நிமிடத்தில் தேவையில்லாத நாலு வரியை அடித்துக் கொடுப்பார். சென்டர் அவருக்கு அந்த வேலையைத் தரவில்லை.

ரீடிங் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முதல் பகுதியில் பதினைந்து நிமிடத்தில் இருபது கேள்வி, கண்ணை வேகமாக ஓட்டப் பழக வேண்டும். வீட்டில் கடிகாரம் வைத்துச் செய்தாலும் அதே பலன்தான்.

லிஸனிங்தான் இந்த சென்டரின் படுமோசமான பகுதி. மேசையில் ஒரு புளூடூத் ஸ்பீக்கர். கீழே மினி பஸ் ஹாரன். ஆடியோவைப் போடுவார்கள், விடையை வாசிப்பார்கள், எத்தனை சரி என்று கை தூக்கச் சொல்வார்கள், அடுத்த ஆடியோ. ஏன் தப்பானது என்று கேட்டால் ஒரே பதில், "நிறையக் கேளுங்க சிஸ்டர்." நிறையக் கேட்டால் வந்துவிடும் என்றால் எங்களுக்குப் பதினெட்டாயிரம் எதற்கு?

தேர்வில் ஆடியோ ஒரு முறைதான் ஓடும். முதல் பகுதியில் நோயாளியும் மருத்துவப் பணியாளரும் பேசும் இரண்டு உரையாடல்கள், 24 கோடிட்ட இடங்கள். நமக்குச் சிக்கல் இரண்டு வகை. ஒன்று, சேர்ந்து வரும் சொற்கள். "ஷுட் ஹேவ் பீன் டேக்கிங் இட்" என்று தாளில் இருப்பது காதில் "ஷுடவ்பின் டேக்கினிட்" என்று விழுகிறது. ஒவ்வொரு அசைக்கும் இடம் கொடுத்துப் பேசும் காது, நடுவில் விழுங்கப்பட்டதைத் தேடிக்கொண்டிருக்கும்போது நோயாளி அடுத்த அறிகுறிக்குப் போய்விடுகிறார். இதை யாராவது நிறுத்தி, எழுதிக் காட்டி, மறுபடி போட்டால்தான் காது பழகும்.

இன்னொன்று, நோயாளிகளின் பேச்சு. மரத்துப்போய் ஊசி குத்துகிற மாதிரி இருப்பதற்கு எங்களுக்குப் பாரஸ்தீஷியா தெரியும், ஸ்பெல்லிங்கோடு தெரியும். அங்கே கிழவர் "பின்ஸ் அண்ட் நீடில்ஸ்" என்கிறார். சிறுநீர் கழிப்பதற்கு மிக்சுரிஷன் என்று படித்தோம், அவர் "வாட்டர்வொர்க்ஸில் கொஞ்சம் தொந்தரவு" என்கிறார். குழாய் ரிப்பேர் என்று நினைத்த சிஸ்டர் எங்கள் பேட்ச்சிலேயே உண்டு. நம் ஊரிலும் அப்படித்தானே. "வயித்தால போகுது", "விலாவுல வாயு பிடிச்சிருக்கு" என்பதை வடக்கேயிருந்து வரும் டாக்டருக்கு நாங்கள்தானே பிரித்துச் சொல்கிறோம்? பாடப்புத்தகத்து ஆங்கிலம் டாக்டரிடம் பேச உதவும், நோயாளியிடம் அல்ல. இந்தச் சொற்களை ஒரு பக்கத்தில் தொகுத்துத் தருவதுகூட அந்த சென்டருக்குத் தோன்றவில்லை.

எனக்கு லிஸனிங்கில் 340 வந்தது. பத்து குறைவு. இரண்டு முறை எழுதிய மார்க்குகளைச் சேர்த்துக் காட்டலாம், எங்கள் பேச்சில் கிளப்பிங். அதற்கான காலத்தை என்எம்சி 2023-இல் 12 மாதமாக நீட்டிவிட்டதால் இன்னொரு தடவை எழுதிப் பார்க்கிறேன். இந்தத் தடவை கோச்சிங் கிடையாது. பிபிசி லேர்னிங் இங்கிலீஷின் ஆறு நிமிட நிகழ்ச்சிகளை முதலில் காதால் மட்டும் கேட்பேன், அப்புறம் அவர்களே போடும் எழுத்து வடிவத்தை வைத்து எங்கே நழுவியது என்று கோடு போடுவேன், மறுபடி கேட்பேன். இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ் வெளியிடும் நோயாளிகளுக்கான வீடியோக்களும் உண்டு, அதில் நோயாளிகளே தங்கள் உபாதையைச் சொல்வார்கள். இரண்டும் இலவசம். பஸ்ஸில் இயர்போன் போட்டாலே சென்டரின் ஸ்பீக்கரைவிடத் தெளிவாகக் கேட்கிறது.

சேர நினைப்பவர்களுக்கு. முழுப் பேக்கேஜ் வேண்டாம். வெளியே போர்டில் போடமாட்டார்கள், கேட்டால் ஸ்பீக்கிங்குக்கு மட்டும் தனிக் கட்டணம் உண்டு, அதை வாங்குங்கள். அந்த மிஸ்தான் எடுக்கிறாரா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். "பி கிரேடு உத்தரவாதம், இல்லையேல் பணம் வாபஸ்" என்று ஃபிளெக்ஸில் இருப்பதை நம்ப வேண்டாம் (பி கிரேடு 350-இல் தொடங்குகிறது). ரசீதின் பின்பக்கத்தில், தொண்ணூறு சதவீதம் வருகை இருந்தால்தான் என்று பொடி எழுத்தில் இருக்கிறது. ஷிஃப்ட் டூட்டி பார்க்கும் எந்த நர்ஸால் அது முடியும்? டெமோ கிளாஸ் என்று கூப்பிட்டால் ஸ்பீக்கிங்கைத்தான் காட்டுவார்கள். லிஸனிங் கிளாஸில் ஒரு மணி நேரம் உட்கார விடச் சொல்லிக் கேளுங்கள்.