சாப்பாட்டு மேசைக்குப் பழைய ஜக்: பித்தளையா, பீங்கானா?

யாழ்ப்பாணத்தில் பழைய சாமானில் ஆசை என்று வாய் திறந்தால் போதும், ஆளாளுக்குப் பித்தளையைத்தான் காட்டுவார்கள். மூக்குப்பேணி, செம்பு, கெண்டி, தாம்பாளம். வடிவுதான், மறுக்கவில்லை. ஆனால் அண்மையில் எங்கள் சாப்பாட்டு மேசைக்கு ஒரு ஜக்கும் கறி பரிமாறும் பாத்திரங்களும் தேடி, எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்துவிட்டு நான் எடுத்தது பழைய பீங்கான். ஏன் என்று கேட்கிறவர்களுக்குத்தான் இது. கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பார்க்க வாங்குகிறவர்கள் எதையும் வாங்கலாம்; நான் பேசுவது நாளாந்தம் சொதியும் ரசமும் ஊற்றிப் புழங்கும் பாத்திரத்தைப் பற்றி.

எனாமலை முதலில் முடித்துவிடுவோம். வெள்ளை உடம்பும் நீலக் கரையுமாக வரும் அந்த ஜக் மலிவு, பாரமில்லை, பிள்ளைகள் கையில் பயமில்லாமல் கொடுக்கலாம். உள்ளே இரும்பு, மேலே கண்ணாடிப் பூச்சு, பூச்சுத் தெறித்த இடத்தில் கறள். உட்புறம் தெறிக்காத ஒன்று கிடைத்தால் தண்ணீருக்கு எடுங்கள்.

பித்தளையின் பக்கம் நியாயம் நிறைய இருக்கிறது. விழுந்தால் நெளியும், உடையாது; நெளிந்ததைத் தட்டி நிமிர்த்தலாம். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் கிணற்றுக்குள் இறக்கியும் வளவில் தாட்டும் விட்டுப்போன பித்தளைச் சாமான் எத்தனையோ வீடுகளுக்குத் திரும்பக் கிடைத்தது. அதே வீட்டுப் பீங்கான் ஓட்டுக்கும் கல்லுக்கும் கீழே நொறுங்கிப் போயிருக்கும். விற்க வேண்டி வந்தாலும் பித்தளைக்கு ஒரு அடிவிலை உண்டு, ஒருவரும் பழம்பொருளாக வாங்காவிட்டால் நிறைக்காவது போகும். பீங்கானில் விளிம்பு ஒரு பொட்டுத் தெறித்தாலே வாங்க வந்தவர் முகம் மாறும்.

எல்லாம் சரி, எங்கள் சாப்பாட்டில் புளி இருக்கிறதே. ரசத்தில் பழப்புளி, மீன் குழம்பில் பழப்புளி, கூழிலும் அதுதான்; சொதியில் தேசிக்காய், வெய்யிலுக்கு மோர், விருந்தாளி வந்தால் தேசிக்காய்த் தண்ணி. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்த உலோகம். புளிப்புப் பட்டுக்கொண்டு இருந்தால் செம்பு கரைந்து சாப்பாட்டில் இறங்கும், ஒரு கைப்பு வரும், ஓரங்களில் பச்சைக் களிம்பு பிடிக்கும், அளவு கூடினால் வயிற்றைப் பிரட்டி வாந்தியும் வரும். இதற்காகத்தான் பழைய ஆக்கள் உள்ளே வெள்ளீயம் பூசினார்கள். ஆகவே பித்தளைப் பாத்திரம் வாங்குவது என்றால் அதன் வெள்ளீயப் பூச்சைப் பராமரிக்கும் வேலையையும் சேர்த்துத்தான் வாங்குகிறீர்கள்.

அந்த வேலை எப்படி என்றால், பாத்திரத்தைத் துப்புரவாகத் தேய்த்து, நெருப்பில் சூடாக்கி, நவச்சாரம் தூவி, உருகும் வெள்ளீயத்தைப் பஞ்சால் உள்முழுக்க இழுத்துவிடுவார்கள். அகன்ற வாயுள்ள சட்டி என்றால் இது சுலபம். ஜக் அப்படியல்ல: கழுத்து ஒடுங்கி, வயிறு பருத்து, அதோடு ஒரு மூக்கு வேறு. கை போகாத மூக்குக்குள் பூச்சுச் சரியாகப் பிடித்ததா என்று யார் எட்டிப் பார்ப்பது? மூக்குப்பேணிக்கும் கெண்டிக்கும் இதே தொல்லை, அவற்றைத்தான் எல்லாரும் விரும்பித் தேடுகிறார்கள். பூசி முடிந்த பிறகும் நிம்மதி இல்லை. சாம்பலும் புளியும் போட்டு உள்ளே உரஞ்சித் தேய்த்தால் பூச்சும் சேர்ந்து தேயும், வெள்ளீயம் 232 பாகை செல்சியஸில் உருகுவதால் வெறும் பாத்திரத்தை அடுப்பில் மறந்து வைத்தால் அவ்வளவுதான், உள்ளே மஞ்சள் தெரியத் தொடங்கினால் திரும்பவும் பூச வேண்டும். வீட்டுக்கு வீடு வந்து பூசிக் கொடுத்தவர்களை இப்போது எங்கள் பக்கம் காண்பதில்லை. ஆள் கிடைத்தாலும் நஞ்சான காரீயம் கலக்காத வெள்ளீயம்தானா என்று கேட்டு உறுதிப்படுத்தித்தான் பாத்திரத்தைக் கையில் கொடுக்க வேண்டும்.

அப்புறம் எங்கள் தண்ணீர். குடாநாட்டு நிலம் சுண்ணாம்புக்கல், கிணற்றுத் தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் வெள்ளைத் திட்டு. பீங்கானில் தேசிக்காய்ப் பாதியால் உரசிக் கழுவினால் போய்விடும். பித்தளைக்கும் அதே தேசிக்காய் வெளிப்புறத்தைப் பளிச்சென்று ஆக்கும், ஆனால் உள்ளே வெள்ளீயத்துக்கு அது கூடாது. பச்சைத் தண்ணீர் மட்டும் வைப்பதென்றால் பித்தளைச் செம்பை நானும் மேசையில் வைப்பேன். சொதியை ஊற்றமாட்டேன்.

இனிப் பீங்கான். மூடியோடு வரும் பழைய ஆங்கிலேயப் பாணிப் பாத்திரங்கள் சூப்புக்கென்று செய்தவை, சொதிக்குத் தோதாக இருக்கின்றன. மூடியில் அகப்பைக்கு வெட்டுக்கூட இருக்கும். கிரேவிக்கான சின்ன மூக்குக் கிண்ணத்தில் ரசம் ஊற்றிப் பாருங்கள், சோற்றில் ஊற்ற அதைவிட வசதி வேறில்லை. புளியாலோ உப்பாலோ இதற்கு ஒன்றும் ஆகாது, சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கவிழ்த்தால் வேலை முடிந்தது.

வாங்கும்போது நகத்தால் சுண்டிப் பாருங்கள். நல்லதென்றால் கணீர் என்னும், வெடிப்பு இருந்தால் சத்தம் செத்துப் போகும். ஜக் என்றால் கைபிடி உடம்போடு சேரும் இரண்டு இடத்தையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்க வேண்டும். அங்கே ஒட்டுப் போட்டிருந்தால் விடுங்கள், ஒரு லீற்றர் தண்ணீரே ஒரு கிலோ, அதோடு ஜக்கின் பாரமும் அந்த ஒட்டில்தான் தொங்கும். மேற்பூச்சில் தலைமயிர் போல் மெல்லிய கோடுகள் வலையாக ஓடி, அவை பழுப்பேறி இருந்தால், அதற்குள் எண்ணெயும் அழுக்கும் ஊறிவிட்டது என்று அர்த்தம். இன்னொன்று, பூப்போட்ட பெரிய பீங்கான் ஜக்கைச் சாப்பாட்டு மேசைக்கென்று சொல்லி விற்பார்கள். அது பழைய காலத்தில் படுக்கையறையில் முகம் கழுவத் தொட்டியோடு வைத்த ஜக். நிரப்பினால் ஒரு கையால் தூக்க முடியாது. பூ வைக்கலாம்.

அடியில் உள்ள முத்திரையைப் படிக்கத் தெரிந்தால் பாதி ஏமாற்று நீங்கிவிடும். இறக்குமதிச் சாமானில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1891 இலிருந்து கேட்டது, அதனால் இங்கிலாந்து என்று நாட்டின் பெயர் பதிந்தவை பெரும்பாலும் அதற்குப் பிந்தியவை. ‘மேட் இன் இங்கிலண்ட்’ என்று முழுதாக இருந்தால் அநேகமாக 20ஆம் நூற்றாண்டு. ‘ஒக்குப்பைட் ஜப்பான்’ என்றிருந்தால் இரண்டாம் உலகப் போர் முடிந்து 1952 வரையான சில வருடங்கள். நொரிட்டாக்கே என்ற ஜப்பான் கம்பனியின் பீங்கான் நல்ல சாமான், இங்கே மாத்தளையிலும் செய்தார்கள், மேசைக்குத் தாராளமாக வாங்கலாம். ஆனால் அடியில் ‘ஸ்ரீலங்கா’ என்று இருப்பதை வெள்ளைக்காரன் காலத்துச் சாமான் என்று விற்க வந்தால் சிரித்துவிட்டு நகருங்கள், 1972 வரை நாட்டின் பெயரே சிலோன்.

பீங்கானில் எனக்கு உள்ள ஒரே தயக்கம் காரீயம். பழைய மேற்பூச்சுகளிலும் அதன்மேல் தீட்டிய நிறங்களிலும் காரீயம் இருக்கலாம், கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. நான் வைத்திருக்கும் வழி இதுதான்: உட்புறம் வெறும் வெள்ளையாக, வலைக்கோடு இல்லாததை மட்டும் எடுப்பது, புளிப்பானது எதையும் அதில் இரவு முழுக்க விடாமல் சாப்பிட்டதும் மாற்றிவிடுவது. இது முழுப் பாதுகாப்பு என்று நான் சொல்லமாட்டேன். சின்னப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் புதுப் பாத்திரம்தான் நல்லது. வெட்டு வேலை செய்த பழைய கிரிஸ்டல் ஜக்குக்கும் இதே எச்சரிக்கை, அதில் கண்ணாடியிலேயே காரீயம் கலந்திருக்கும்.

வெள்ளிமுலாம் சாமான் நான் புழங்கியது குறைவு, அதனால் சுருக்கமாக. இ.பி.என்.எஸ். என்று அடித்திருந்தால் உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும், மேலே மட்டும் மெல்லிய வெள்ளி. முட்டையும் வெங்காயமும் அதைக் கறுக்க வைக்கும், உப்பு அரிக்கும், மினுக்க மினுக்க வெள்ளி தேய்ந்துபோகும். மேசை நடுவில் பழத்தட்டாக இருக்கட்டும்.

முழு செற் தேடி அலைய வேண்டாம். இங்கே கிடைப்பது தனித்தனிச் சாமான். வெள்ளையும் நீலமுமாகச் சேர்த்தால் வேறு வேறு கம்பனி என்பது மேசையில் தெரியாது, விலையும் குறையும். வெளிநாட்டிலிருந்து வந்து வாங்குகிறவர்கள் மட்டும் கணக்கை மாற்றிப் போடலாம், பெட்டிக்குள் உடையாமல் போய்ச் சேர்வது பித்தளையும் எனாமலும்தான். ஆனால் உண்மையிலேயே மிகப் பழையது என்று சந்தேகம் இருந்தால், விமான நிலையத்துக்குப் போகமுன் தொல்பொருள் திணைக்களத்தில் கேளுங்கள், பழம்பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அனுமதிப் பத்திரம் வேண்டும்.